பால்டிமோரில் ஒரு காலைச் சாப்பாடு

1986 அக்டோபர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். துப்பறியும் கதைகளின் தாத்தா எட்கர் ஆலன் போ செத்ததும் புதைக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். அந்த வார இறுதியில் குற்றக் கதைகளை எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், விற்கிறவர்கள் எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு பௌச்சர்கான் என்று பெயர்.

மாநாட்டுக்கு நடுவே ஒரு காலைச் சாப்பாட்டுக்கு சுமார் 25 பெண்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கூப்பிட்டவர் சிகாகோக்காரரான சாரா பரெட்ஸ்கி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுத ஆரம்பித்தவர். வி. ஐ. வார்ஷாவ்ஸ்கி என்ற பெண் துப்பறிவாளரை வைத்து அதற்குள் மூன்று நாவல்கள் எழுதியிருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அவரைப் போலவே நாலைந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவர்கள். பேச்சு எங்கே ஆரம்பித்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. உன் புத்தகத்துக்கு எந்தப் பேப்பரிலாவது விமர்சனம் வந்ததா? பதிப்பகம் உனக்கு எவ்வளவு கொடுத்தது? எழுத்தாளர்கள் தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளாத கேள்விகள் இவை. பக்கத்தில் ஒரு சிநேகிதி இருந்தால்தான் வாய் வரும்.

அந்த மேஜையிலிருந்து கிளம்பியதுதான் ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ என்ற அமைப்பு. இன்று அதில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆண்களும் உண்டு.

மாநாட்டுக்குப் போனால் நாலு நண்பர்கள் கிடைப்பார்கள், பத்து வாசகர்கள் கிடைப்பார்கள் என்று சொல்வது வழக்கம். உண்மைதான். ஆனால் அந்த நாலு நண்பர்களும் பத்து வாசகர்களும் சேர்ந்து ஒரு இலக்கிய வகையின் கணக்கையே மாற்றி எழுத முடியும் என்பதற்கு இந்தக் காலைச் சாப்பாடு ஒரு சாட்சி. அதற்கு முதலில் அந்த மேஜை எப்படி அங்கே வந்தது என்று பார்க்க வேண்டும்.

*

துப்பறியும் எழுத்தாளர்கள் கூடுவது புதுசு இல்லை. 1930இல் லண்டனில் ‘டிடெக்‌ஷன் கிளப்’ தொடங்கியது. ஆன்டனி பெர்க்லி முன்கை எடுத்தார். ஜி. கே. செஸ்டர்டன் முதல் தலைவர். டோரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி எல்லாம் உறுப்பினர்கள். புதிதாகச் சேருகிறவர் ஒரு மண்டை ஓட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மண்டை ஓட்டுக்கு எரிக் என்று பெயர்கூட உண்டு. வாசகரை ஏமாற்றித் தடயத்தை ஒளிக்க மாட்டேன், தற்செயலையும் தெய்வச் செயலையும் வைத்துக் கொலைகாரனைப் பிடிக்க மாட்டேன் என்கிற மாதிரியான சத்தியம். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

கிளப்புக்கு அறை வேண்டும், வாடகைக்குப் பணம் வேண்டும். அதற்காக உறுப்பினர்கள் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி 1931இல் ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற நாவலைக் கொண்டுவந்தார்கள். முந்தின ஆள் போட்ட முடிச்சை அடுத்த ஆள் சமாளிக்க வேண்டும். நட்பு இருந்தால்தான் இப்படி ஒருவரை ஒருவர் மாட்டிவிட முடியும்.

ஆனால் டிடெக்‌ஷன் கிளப் ஒரு மூடிய கதவு. அழைத்தால்தான் உள்ளே போகலாம். வாசகருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

அமெரிக்காவில் 1945இல் ‘மிஸ்டரி ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ உருவானது. இது கொஞ்சம் தொழிற்சங்க வாசனை உள்ள அமைப்பு. குற்றம் லாபம் தராது என்று ஊரெல்லாம் சொல்கிற வாசகத்தை எடுத்து, ‘போதுமான அளவுக்கு லாபம் தராது’ என்று மாற்றித் தங்கள் முழக்கமாக வைத்துக்கொண்டார்கள். போ நினைவாக எட்கர் விருதையும் ஏற்படுத்தினார்கள். எழுத்தாளர்களே குழு போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருது. இங்கேயும் வாசகர் வாசலுக்கு வெளியேதான்.

*

வாசகரை உள்ளே கூட்டிவந்தது ஒரு மரணம்.

ஆன்டனி பௌச்சர் 1968 ஏப்ரலில் செத்துப்போனார். அவருக்கு 56 வயது. நாம் வவுச்சர் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஓசையில்தான் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவும் புனைபெயர். இயற்பெயர் வில்லியம் ஆன்டனி பார்க்கர் ஒயிட். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். நாவல் எழுதினார், ரேடியோ நாடகம் எழுதினார், 1949இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒரு அறிவியல் புனைவுப் பத்திரிகையைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். நம் இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு தகவல் பிடிக்கும். போர்ஹேஸின் கதையை முதன்முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர்தான். அது 1948இல் எல்லரி குயின் பெயரில் வந்த துப்பறியும் மாத இதழில் வெளியானது. பின்னாளில் உலக இலக்கியத்தின் சிகரம் என்று கொண்டாடப்பட்ட எழுத்தாளர், ஆங்கிலத்துக்குள் மர்மக் கதைப் பத்திரிகை வழியாகத்தான் நுழைந்தார்.

பௌச்சரின் பெரிய வேலை விமர்சனம். 1951லிருந்து சாகும்வரை நியூயார்க் டைம்ஸில் குற்றக் கதைகளுக்கான பத்தியை எழுதினார். 800 பத்திகளுக்கு மேல். விமர்சனத்துக்காக மட்டும் மூன்று முறை எட்கர் விருது வாங்கினார். பெர்க்லியில் தன் வீட்டிலேயே எழுத்து வகுப்பு நடத்தினார். அந்த வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் ஃபிலிப் கே. டிக். டிக்கின் முதல் கதையைக் காசு கொடுத்து வாங்கியதும் பௌச்சர்தான்.

இப்படி ஒரு மனிதர் போய்விட்டால் சும்மா இரங்கல் கூட்டம் போட்டால் போதுமா? போதாது என்று நினைத்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை, ரசிகர்கள். இதில் முக்கியமானவர்கள் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த லென் மொஃபட், ஜூன் மொஃபட் தம்பதி. ஜான் டி. மெக்டொனால்டின் எழுத்துக்காகவே அறுபதுகளில் வீட்டிலிருந்து ஒரு சிறு இதழ் நடத்தியவர்கள். இவர்கள் அறிவியல் புனைவு ரசிகர் வட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு 1939லிருந்தே உலக மாநாடு நடத்திய பழக்கம் இருந்தது. ஹோட்டலை எப்படிப் பிடிப்பது, யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது, டிக்கெட் போட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது எல்லாம் கைவந்த கலை. முக்கியமாக, ரசிகரும் எழுத்தாளரும் ஒரே அறையில் சமமாக உட்காரலாம் என்பது அவர்களுக்கு இயல்பான விஷயம்.

1970 மே மாதம், சாண்டா மோனிக்கா. முதல் பௌச்சர்கான். சிறப்பு விருந்தினர் ‘சைக்கோ’ நாவலை எழுதிய ராபர்ட் ப்ளாக். நண்பரின் நினைவுக்காக ஆரம்பித்தது வருஷாவருஷம் ஊர் மாறி ஊர் நடக்கிற திருவிழாவாக ஆனது. 1990இல் லண்டன்வரை போய்விட்டு வந்தது. இன்றுவரை தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். டிக்கெட் வாங்கினால் யாரும் வரலாம். எரிக்கின் மண்டையில் கை வைக்க வேண்டாம்.

*

இந்த மாதிரி மாநாட்டில் அப்படி என்னதான் நடக்கிறது?

மேடையில் நாலு எழுத்தாளர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். விஷம் பற்றி ஒரு அமர்வு, ஊர்ப் பின்னணி பற்றி ஒரு அமர்வு. முடிந்ததும் கையெழுத்து வரிசை. ஒரு பக்கம் புத்தகக் கடைக்காரர்கள் மேஜை போட்டிருப்பார்கள். ஆனால் நிஜமான மாநாடு நடப்பது லிஃப்டுக்கு முன்னால், காபி வரிசையில், ராத்திரி ஹோட்டல் பாரில். பெரிய பெயர் உள்ளவருக்கு வரிசை நீளமாக இருக்கும். முதல் நாவல் எழுதினவருக்கு முன்னால் ஈ ஓடும். அந்த ஈ ஓடுகிற மேஜைக்கு ஒரு வாசகர் வந்து, உங்கள் பதினாறாம் அத்தியாயத்தில் அந்தச் சாவி எப்படி அங்கே வந்தது என்று கேட்டால், அந்த எழுத்தாளர் ஊருக்குத் திரும்பி இன்னொரு நாவல் எழுதிவிடுவார். அந்த வாசகர் தன் ஊருக்குத் திரும்பி நூலகரிடம், கடைக்காரரிடம், படிப்பு வட்டத்தில் எல்லாம் பெயரைச் சொல்லுவார். விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கப்படாத நடுவாந்திர எழுத்தாளர்கள் பலர் பிழைத்தது இப்படித்தான்.

1989இல் வாஷிங்டன் பக்கம் ‘மாலிஸ் டொமெஸ்டிக்’ என்று இன்னொரு மாநாடு ஆரம்பித்தது. அகதா கிறிஸ்டி பாணியில், ரத்தம் அதிகம் சிந்தாத, ஊருக்குள் நடக்கிற மர்மக் கதைகளுக்கானது. விருதின் பெயர் அகதா. விருதாகக் கொடுப்பது டீ கெட்டில்! அங்கே ஒரு நிகழ்ச்சி உண்டு. வட்ட மேஜைகளில் வாசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தாளர்கள் மேஜை மேஜையாகப் போய், தலைக்கு இரண்டு நிமிஷத்தில் தங்கள் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேஜை. தொண்டை கட்டிப்போகும். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது நூற்றுக்கணக்கானவர்களுக்கு முகம் தெரிந்திருக்கும்.

ஏலமும் உண்டு. ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட, எழுத்தாளர்கள் தங்கள் அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்தின் பெயரை ஏலம் விடுவார்கள். ஜெயித்த ரசிகர் காசு கொடுத்துத் தன் பெயரில் ஒரு பிணமாகவோ கொலைகாரராகவோ நாவலுக்குள் நுழைவார். பௌச்சருக்கு இது பிடித்திருக்கும். 1942இல் எழுதிய ஒரு நாவலில் தன் அறிவியல் புனைவு நண்பர்களையே வேஷம் போட்டுப் பாத்திரங்களாக உலவவிட்டவர் அவர்.

இதெல்லாம் கேளிக்கை. கேளிக்கையைத் தாண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, ஓட்டு. பௌச்சர்கான் தன் சொந்த விருதை, அதாவது ஆன்டனி விருதை, 1986இல் ஆரம்பித்தது. மாநாட்டுக்குப் பதிவு செய்தவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தாளருக்கும் ஒரு ஓட்டு, முப்பது வருஷமாகப் படிக்கிற ஓய்வுபெற்ற டீச்சருக்கும் ஒரு ஓட்டு.

அந்த முதல் ஆன்டனி விருதுகள் கொடுக்கப்பட்டது பால்டிமோரில். அதே 1986இல். அந்தக் காலைச் சாப்பாடு நடந்த அதே மாநாட்டில்.

*

இப்போது இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் கணக்கு: வெளியே நிலைமை. அந்த வருஷம் மார்ச் மாதம் நியூயார்க்கின் ஹண்டர் கல்லூரியில் நடந்த ஒரு கருத்தரங்கில், துப்பறியும் கதைகளில் பெண்கள்மேல் காட்டப்படுகிற கொடூரம் கூடிக்கொண்டே போகிறது என்று பரெட்ஸ்கி பேசினார். இன்னொரு பக்கம், ஃபிலிஸ் விட்னி என்ற மூத்த எழுத்தாளர் எட்கர் விருது தரும் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் இவ்வளவு எழுதியும் விருதுப் பட்டியலில் அவர்களைக் காணோமே என்பது கேள்வி. விட்னி சாதாரண ஆள் இல்லை. அந்த அமைப்புக்கே 1975இல் தலைவராக இருந்தவர். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. வீட்டுப் பெரியம்மா பந்தியில் எழுந்து நின்று, ஏன் இந்த வரிசைக்குச் சோறு வரவில்லை என்று கேட்ட மாதிரி.

இரண்டாவது கணக்கு: பால்டிமோரில் வாசகர்கள் போட்ட ஓட்டு. சிறந்த நாவல், சூ கிராஃப்டனின் ‘பி இஸ் ஃபார் பர்க்ளர்’. நேரடியாக மலிவுப் பதிப்பாக வந்த நாவல்களில் சிறந்தது, நான்சி பிக்கார்டின் ‘சே நோ டு மர்டர்’. வாழ்நாள் சாதனைக்கான கௌரவம், எலிசபெத் பீட்டர்ஸ் என்ற பெயரில் எழுதிய எகிப்தியல் அறிஞர் பார்பரா மெர்ட்ஸுக்கு. மூன்று பேரும் பெண்கள்.

அதாவது, படிக்கிறவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. அவர்கள் பெண்களைப் படித்தார்கள், பிடித்திருந்தது, ஓட்டுப் போட்டார்கள். தடை வேறெங்கோ இருந்தது. விமர்சனப் பக்கத்தில், விருதுக் குழுவில், பதிப்பகத்தின் மேஜையில். நம் புத்தகத்துக்கு வாசகர் இல்லை போலிருக்கிறது என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து நொந்துகொள்வது ஒரு நிலைமை. வாசகர் இருக்கிறார், கண்ணெதிரே நிற்கிறார், இடையில்தான் யாரோ கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிவது முற்றிலும் வேறு நிலைமை. இரண்டாவதை மாநாடு மட்டுமே காட்ட முடியும். ரசிகர் கூட்டத்தின் நடுவே நிற்கிற எழுத்தாளருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

அடுத்த வசந்தத்தில், 1987இல், எட்கர் விருது விழாவுக்காக நியூயார்க் வந்தபோது மறுபடி கூடினார்கள். சக எழுத்தாளர் ஒருவரின் வீட்டில். ஒரு நடத்துநர் குழு அமைந்தது. பரெட்ஸ்கி, நான்சி பிக்கார்ட், ஷார்லட் மெக்லியாட், சூசன் டன்லப், மூத்தவரான டோரதி சாலிஸ்பரி டேவிஸ் என எழுத்தாளர்கள் இருந்தார்கள். கூடவே கேட் மேட்டஸ். இவர் எழுத்தாளர் இல்லை, மாசசூசெட்ஸில் துப்பறியும் புத்தகங்களுக்கென்றே கடை நடத்தியவர். கடைக்காரரும் குழுவில் இருந்தது மாநாட்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி. அந்த உலகத்தில் எழுதுகிறவர், விற்கிறவர், படிக்கிறவர் என்று தனித்தனிப் பந்தி இல்லை.

இவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, எண்ணியது. ஆமாம், எண்ணினார்கள். பத்திரிகைகளின் விமர்சனப் பக்கங்களை எடுத்து, எத்தனை புத்தகம் ஆண் எழுதியது, எத்தனை பெண் எழுதியது என்று தன்னார்வலர்கள் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். எங்களை ஒதுக்குகிறீர்கள் என்று சொன்னால், உனக்கு மனக்குறை என்று பதில் வரும். எண்ணிக்கையைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. பெண்கள் எழுதி அச்சில் இருக்கிற துப்பறியும் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டு உன் புத்தகத்தை நீயே எப்படி முன்னால் கொண்டுபோவது என்று சொல்லித்தர ஒரு குறும்பான கையேடும் போட்டார்கள். இன்னும் ஒரு புத்தகம்கூட வராதவர்களுக்கு ஒரு கிளை பின்னால் வந்தது. கப்பி மீன் என்று தொட்டியில் வளர்ப்போமே, அந்தப் பெயர்.

கவனித்தால் இதில் எதுவும் பெரிய புரட்சி இல்லை. பட்டியல், எண்ணிக்கை, கையேடு, காலைச் சாப்பாடு. சிநேகிதிகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவியை, முகம் தெரியாத சிநேகிதிக்கும் கிடைக்கிற மாதிரி ஏற்பாடாக மாற்றினார்கள். அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

*

இங்கேயே முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் நட்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது பக்கத்தில் இருப்பவரோடு உண்டாகும். பக்கத்தில் வர முடியாதவர் என்ன செய்வார்?

மாநாட்டுக்குப் போக விமான டிக்கெட், ஹோட்டல் அறை, நுழைவுக் கட்டணம், வேலையில் லீவு எல்லாம் வேண்டும். வந்தவர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், வருஷாவருஷம் வந்து எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவருக்கு ஒரு அனுகூலம் இருக்கத்தானே செய்யும். ஓட்டு புத்தகத்துக்கா, பழக்கத்துக்கா? இந்தக் கேள்வியை யாராலும் முழுசாகத் தட்டிக்கழிக்க முடியாது. போதாததற்கு, மாநாட்டு அறைகள் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளைக்கார முகங்களால் நிரம்பியிருந்தன. டிடெக்‌ஷன் கிளப் மாதிரி கதவைச் சாத்தவில்லை, ஆனால் திறந்த கதவுக்கு உள்ளேயும் ஒரு பந்தி வரிசை உருவாகிவிட்டிருந்தது.

விரிசல்கள் விழுந்தன. 1992இல் பார்பரா நீலி என்ற கறுப்பின எழுத்தாளரின் ‘பிளான்ச் ஆன் தி லாம்’ வந்தது. அதில் துப்பறிகிறவர் வீட்டு வேலை செய்யும் ஒரு கறுப்பினப் பெண். முதலாளிகள் அவர் இருப்பதையே கவனிப்பதில்லை, அதனாலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அந்த முதல் நாவலுக்கு அகதா, ஆன்டனி இரண்டும் கிடைத்தன. இரண்டுமே மாநாட்டு வாசகர்களின் ஓட்டு. எழுத்தாளர் அமைப்பு தன் மிகப் பெரிய கௌரவத்தை அவருக்கு அறிவித்தபோது 2019 முடியப் போனது. அதை மேடையில் வாங்குவதற்கு முன்பே, 2020 மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். வாசகர்கள் உடனே கொடுத்ததை அமைப்பு கொடுக்க இருபத்தேழு வருஷம் ஆனது.

நீலியின் முதல் நாவல் வந்த அதே 1992இல்தான் எலினார் டெய்லர் பிளாண்டின் முதல் நாவலும் வந்தது. அவர் கதாநாயகி ஒரு கறுப்பினப் போலீஸ்காரர். பிளாண்ட் இறந்தபின், அவர் பெயரில் வெள்ளையரல்லாத புது எழுத்தாளர்களுக்கு 2014இல் ஒரு நல்கையை சிஸ்டர்ஸ் இன் கிரைம் ஏற்படுத்தியது. மாலிஸ் டொமெஸ்டிக்கும் புத்தகம் வராத எழுத்தாளர்களுக்கு நல்கை தருகிறது. மேஜைவரை வர முடியாதவருக்குப் பஸ் காசு கொடுக்கிற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மாலிஸ் நல்கையைப் பெற்றவர்களில் ஒருவரை நாம் கொஞ்சம் உரிமையோடு பார்க்கலாம். ஜிஜி பாண்டியன். பெற்றோர் இருவரும் மானுடவியலாளர்கள். ஒருவர் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்து, இன்னொருவர் இந்தியாவின் தென்முனை. ஜிஜியின் ‘ஆர்டிஃபாக்ட்’ நாவலில் ஜெயா ஜோன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் புதையல் தேடிப் போகிறார். பின்னால் வந்த வரிசையில் டெம்பெஸ்ட் ராஜ் என்ற மேஜிக் கலைஞர். பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலைதான் ஜிஜிக்குப் பிடித்த புதிர். அவருடைய ஒரு சிறுகதைக்கு மாலிஸ் வாசகர்கள் அகதா கெட்டிலைக் கொடுத்தார்கள்.

2018இல் ஜிஜி பாண்டியனும், கெல்லி காரெட்டும், வால்டர் மோஸ்லியும் சேர்ந்து ‘கிரைம் ரைட்டர்ஸ் ஆஃப் கலர்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மோஸ்லி அப்போதே பெரிய பெயர். மற்ற இருவரும் மாநாட்டு மேஜைகளில் வளர்ந்துவந்த தலைமுறை. காரெட்டின் முதல் நாவலும் அகதா, ஆன்டனி இரண்டையும் வாங்கியது. உறுப்பினர்களின் பெயர்களையும் நூல்களையும் ஒரு பட்டியலாகப் போட்டு, இதோ இவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவது இவர்கள் வேலைகளில் ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் பரெட்ஸ்கியின் சிநேகிதிகள் போட்ட பட்டியலின் அடுத்த தலைமுறை அது.

*

எழுத்து தனிமையின் கலை என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எழுதுகிற நேரம் தனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதி முடித்த பிறகு வருகிற தனிமை வேறு. அதில் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்து ஆளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாத எழுத்தாளர் குறைவாக வாங்குவார். தன் வாசகரைப் பார்க்காத எழுத்தாளர், உனக்கு வாசகரே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவார்.

பௌச்சரின் ரசிகர்கள் 1970இல் ஹோட்டல் பிடித்தபோது இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். போன நண்பரைப் பற்றி இன்னும் கொஞ்சநேரம் பேச வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசைக்காகப் போட்ட நாற்காலிகளில் பதினாறு வருஷம் கழித்து வேறு சிலர் வந்து உட்கார்ந்தார்கள், தட்டை நகர்த்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

சிஸ்டர்ஸ் இன் கிரைம் இப்போதும் பௌச்சர்கானில் காலைச் சாப்பாட்டுக்குக் கூடுவதுண்டு. முதல் தடவை வருகிறவர் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நிற்பார். யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைப்பார்.